இராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்

எல்கடுவ மலைச்சரிவிலே 60 தேயிலைக் கன்றுகளைச் சமமான வரிசைகளாக நட விரும்பும் ஒருவன், 2, 3, 4, 5, 6, 10, 12 எனப் பலவாறு வரிசை வகுக்கலாம். கன்று ஒன்று கூடி 61 ஆயின், ஒரே நெடுவரிசையாக நடுவதன்றி அவனுக்கு வேறு வழியில்லை. 60 என்னும் எண்ணுக்கு 1 உம் 60 உம் உட்படப் பன்னிரண்டு காரணிகள் உள. 61 முதன்மை எண்ணாதலின் இரண்டே உள. 60 இலும் சிறிய எண் எதற்கும் பன்னிரண்டு காரணிகள் இல்லை. இவ்வாறு தனக்கு முந்திய எண்கள் யாவற்றினும் மிகுந்த காரணிகளையுடைய எண்ணை ‘மிகு பகு எண்’ எனலாம்.

ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் இவ்வெண்களைப் பற்றி எழுதிய நெடுங்கட்டுரை, 1915 ஆம் ஆண்டில் இலண்டன் கணிதச் சங்க வெளியீட்டில் வந்தது. சங்கத்தின் பொருள் முடையால் அச்சேறாது நின்ற எஞ்சிய பகுதி 1997 இலேதான் வெளிப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்து எப். ஏ. தேர்விலே தேறாதவருக்குக் கேம்பிரிட்ஜ் 1916 இல் பி. ஏ. பட்டம் வழங்கியது பெரும்பாலும் இக்கட்டுரையை முன்னிட்டே.

மிகு பகு எண்ணை முதன்மை எண்களின் பெருக்கமாக எழுதினால், இடையில் எந்த முதன்மை எண்ணும் விடுபடாது. அடுக்குகளும் ஏறிச் செல்லமாட்டா. காரணம் எளிது. பெரிய முதன்மை எண்ணின் அடுக்கு சிறியதன் அடுக்கினும் மிகுமாயின், அவ்விரு அடுக்குகளையும் இடம் மாற்றுக: காரணிகளின் தொகை மாறாது, எண்ணோ சிறுத்துவிடும். கடைசி அடுக்கு எப்போதும் 1 என்பதையும், 4 உம் 36 உம் மட்டுமே இதற்கு விலக்கு என்பதையும் இராமானுஜன் நிறுவினார். காரணிகளின் தொகையை அறிவதற்கு ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குதல் போதும். 60 = 2² × 3 × 5; ஆகவே 3 × 2 × 2 = 12.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் அவர் 6746328388800 வரையும் நூற்றுக்கு மேற்பட்ட மிகு பகு எண்களை அட்டவணைப்படுத்தினார். அதில் ஒன்றே ஒன்று விடுபட்டது. அது 293318625600.

இதனை விரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 ஆகும். காரணிகள் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, அஃதாவது 5040. (பிளேட்டோ தாம் கற்பித்த நகருக்கு 5040 குடிகளை விதித்ததும் அவ்வெண் பலவாறு வகுபடும் என்பது பற்றியே.) அட்டவணையில் இதற்கு முன் நிற்கும் 240940299600 க்கு 4800 காரணிகளும், பின் நிற்கும் 321253732800 க்கு 5376 காரணிகளும் உள. விடுபட்ட எண்ணை 21 ஆல் வகுத்து 23 ஆற் பெருக்கினால் பின்னதே கிடைக்கும். இவ்விரண்டிற்கும் இடையே 4800 ஐ விஞ்சிய எண் ஒன்று இருத்தலால், அட்டவணையில் ஓர் இடம் வெறிதாய் உள்ளது என்பதை ஒரு தாளும் பென்சிலும் கொண்டே மாணவர் காட்டிவிடலாம். அவ்விடத்துக்கு உரியது இவ்வெண்ணே என்று உறுதிசெய்வதற்கு மட்டும் நீண்ட கணக்கு வேண்டும்.

இவ்விடுபாடு கட்டுரையின் தேற்றங்கள் எதனையும் தொடுவதில்லை. அவை நிறுவப்பட்டவை, அட்டவணையோ கையாற் கணக்கிடப்பட்டது. வியப்பு யாதெனில், அட்டவணையின் இறுதி எண்ணாகிய 6746328388800 ஐ 23 ஆல் வகுத்தால் மிச்சமின்றிக் கிடைப்பது விடுபட்ட அந்த 293318625600 தான்.