பழைய அடுப்பும் புதிய வாயுவும்

சமையலறையில் பல்லாண்டுகள் உழைத்த வாயு அடுப்பு பழுதடைந்ததும், அதனை எடைக்குப் போட்டுவிடுவது வழக்கம். கேரளத்தில் ஆக்ரிக் கடை என்றும், தமிழ்நாட்டில் காயலான் கடை என்றும் வழங்கும் இடங்களில் இத்தகைய அடுப்புகள் கிடப்பதைக் காணலாம். அவற்றைப் பிரித்துப் பார்த்தால், கெட்டுப்போனவை பெரும்பாலும் சிறு உறுப்புகளே என்பது விளங்கும். வார்ப்பிரும்புப் பர்னர், பித்தளைத் தலை, சட்டம், பாத்திரத் தாங்கி ஆகியன இன்னும் நெடுங்காலம் உழைக்க வல்லவை. சிலிண்டர் வாயுவுக்கென அமைந்த அந்த அடுப்பை, வீட்டுக் கழிவிலிருந்து கிடைக்கும் உயிரி வாயுவுக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கும் முறையை இங்கே காண்போம்.

திருவனந்தபுரத்தின் அனுபவம்

இம்முயற்சி திருவனந்தபுரத்தில் தனி முக்கியத்துவம் உடையது. அந்நகரின் குப்பைகள் 2000-ஆம் ஆண்டு முதல் அருகிலுள்ள விளப்பில்சாலை கிராமத்திலிருந்த நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. துர்நாற்றமும் கழிவுநீரும் தாங்காத ஊர் மக்கள் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக, 2011 டிசம்பரில் அந்நிலையம் மூடப்பட்டது. நகரம் முழுவதன் குப்பைக்கும் ஒரே போக்கிடம் என்னும் ஏற்பாடு அத்துடன் முடிந்தது. கழிவை அது தோன்றும் இடத்திலேயே பயனுள்ளதாக்க வேண்டும் என்னும் கொள்கை அதன்பின் வலுப்பெற்றது.

இதற்கு முன்னரே அந்நகரில் ஒரு தொடக்கம் இருந்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பயோடெக்’ என்னும் அமைப்பு, சோறு, காய்கறித் தோல், மீன் கழிவு முதலியவற்றை உண்டு வாயு தரும் சிறு கலங்களை வீடுகளில் நிறுவி வந்தது. 2007-ஆம் ஆண்டு இப்பணிக்காக அதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது. அதற்குள் சுமார் 12,000 வீட்டுக் கலங்கள் நிறுவப்பட்டிருந்தன.

ஆனால் கலத்தில் வாயு உண்டானால் மட்டும் போதாது. அது அடுப்பில் செவ்வனே எரிதல் வேண்டும். சுடர் மங்கி, அரிசி வேகத் தாமதமாயின், இல்லத்தரசி இரண்டொரு நாளில் சிலிண்டருக்கே திரும்புவார். கலத்துக்குக் கழிவிடுவது நின்றுபோகும். குப்பை மறுபடியும் தெருவுக்கு வரும். எனவே அடுப்பின் சிறு துவாரமே ஊரின் தூய்மையைத் தீர்மானிக்கிறது எனினும் மிகையன்று.

இரு வாயுக்களின் வேற்றுமை

சிலிண்டரில் உள்ளது புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. உயிரி வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு மீத்தேனும், எஞ்சியதில் பெரும்பகுதி கரியமில வாயுவும் உள்ளன. வாயு நிலையில் ஒரு கன மீட்டர் சிலிண்டர் வாயு எரிந்தால் சுமார் 26,000 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். அதே அளவு உயிரி வாயு தருவது சுமார் 5,000 கிலோ கலோரியே. அன்றியும், ரெகுலேட்டர் வழியே வரும் சிலிண்டர் வாயுவின் அழுத்தம் சுமார் 30 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். மிதக்கும் மூடியுடைய வீட்டுக் கலத்தில் அது 9 அல்லது 10 சென்டிமீட்டரே இருக்கும்.

இவ்விரு குறைகளையும் ஈடுசெய்ய, ஜெட்டின் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக்குவது என்பதைக் கணக்கிடலாம். வெப்ப அளவு 5.2 மடங்கு குறைவு. உயிரி வாயு இலேசானதாகையால் அதே அழுத்தத்தில் சுமார் 1.4 மடங்கு வேகமாகப் பாயும். ஆகவே குறை 3.7 மடங்காகச் சுருங்குகிறது. பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30-ஐ 9-ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் 1.8 வரும். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 7. அதாவது துவாரத்தின் பரப்பு ஏழு மடங்காக வேண்டும். விட்டமோ ஏழின் வர்க்கமூலமாகிய 2.6 மடங்கானால் போதும். 0.7 மில்லிமீட்டர் துவாரம் 1.8 மில்லிமீட்டர் ஆகும்.

காற்றின் தேவையும் வேறுபடும். ஒரு பங்கு சிலிண்டர் வாயு முற்றும் எரிய சுமார் 27 பங்கு காற்று தேவை; உயிரி வாயுவுக்கு 6 பங்கு போதும். கரியமில வாயு கலந்திருப்பதால் அதன் சுடர் மெதுவாகவே பரவும். காற்று மிகுந்தால் சுடர் பர்னரை விட்டு எழும்பி அணைந்துவிடும்.

மாற்றியமைக்கும் முறை

முதலில் அடுப்பை முழுவதும் பிரித்து, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் உறுப்புகளை ஊறவைத்து, கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். பர்னரைக் கையில் தொங்கவிட்டுச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் தெளிந்த ஒலி வரவேண்டும். மங்கிய ஒலி வெடிப்புக்கு அடையாளம். வெடித்த பர்னரை விலக்கிவிட வேண்டும். தலையிலுள்ள சிறு துவாரங்கள் ஒன்றுகூட அடைபடாமல் இருத்தல் அவசியம்.

பின்னர் பித்தளை ஜெட்டைக் கழற்றி, பற்றுப் பொறியில் நேராக நிறுத்தித் துளையிட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே 1.8 மில்லிமீட்டர் இடுதல் தகாது. 1.5-இல் தொடங்கி, சுடரைச் சோதித்துச் சிறிது சிறிதாகப் பெருக்குவதே முறை. பெருத்துப் போன துவாரத்தைச் சுருக்க இயலாது. துளை சாய்ந்தால் வாயு குழலின் நடுவே பாயாமல், காற்றைச் சரிவர இழுக்காது.

காற்று வாயிலை அடைக்கவும் திறக்கவும் பழைய டின் தகட்டை வளையமாக வெட்டிப் பொருத்தலாம். கட்டட வேலையில் மிஞ்சிய கம்பியை வளைத்து, பெரிய உருளியையும் இட்லிக் கொப்பரையையும் தாங்கும் சட்டம் செய்துகொள்ளலாம். சுடரின் நுனி பாத்திரத்தின் அடியைத் தொடும் உயரமே ஏற்றது.

உயிரி வாயுவில் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவு உண்டு. அது பித்தளையை அரிக்கும். கடைசல் பட்டறையில் கழித்த இரும்புச் சீவலைத் துருப்பிடிக்க விட்டு, அகன்ற குழாயில் தளர்வாக அடைத்து, வாயுவை அதன் வழியே செலுத்தினால் துரு அந்நஞ்சைப் பற்றிக்கொள்ளும். கறுத்த சீவலை வெளியில் எடுத்துக் காற்றாட விட்டால் மறுபடியும் பயன்படும். அப்போது அது சூடேறும். ஆதலால் எரியும் பொருள்களுக்கு அருகில் பரப்பலாகாது. குழாயில் சேரும் நீர் வடிய, தாழ்ந்த இடத்தில் வடிகால் அமைக்க வேண்டும்.

பழையன கூடாதவை

வாயுவைத் தாங்கும் உறுப்புகள் பழையனவாக இருக்கலாம். வாயுவை அடைத்து நிறுத்தும் உறுப்புகள் பழையனவாக இருத்தல் கூடாது. வால்வு, ரப்பர் குழாய், வாஷர் ஆகிய மூன்றும் புதியனவாகவே வேண்டும். பழைய வால்வின் உள்வழி குறுகியதாகையால், ஜெட்டைப் பெரிதாக்கியும் சுடர் வளராதிருப்பதுண்டு. அகன்ற வழியுடைய புதிய வால்வே இதற்குத் தீர்வு. கசிவைச் சோப்பு நீரால் மட்டுமே சோதிக்க வேண்டும். தீக்குச்சியால் சோதிப்பது பேரபாயம்.

மாற்றிய அடுப்பை எக்காலத்தும் சிலிண்டருடன் இணைக்கலாகாது. பரப்பு ஏழு மடங்கான துவாரத்தின் வழியே வாயுவும் ஏழு மடங்கு பாயும். மஞ்சள் தீ ஓங்கி எரியும். நச்சுடைய கார்பன் மோனாக்சைடு அறையை நிறைக்கும். ஆதலால் அடுப்பின் முகத்திலேயே ‘உயிரி வாயுவுக்கு மட்டும்’ என்று அழியாத வண்ணத்தில் எழுதிவைத்தல் கட்டாயமாகும். பிறருக்கு விற்க வேண்டின், ஜெட்டைக் கழற்றிவிட்டே கொடுத்தல் வேண்டும்.

சுடரைப் படித்தல்

நீலச் சுடர் நலம் குறிக்கும். மஞ்சள் நுனியும் பாத்திரத்தில் கரியும் தோன்றினால் காற்று வாயிலைத் திறக்க வேண்டும். சுடர் எழும்பித் தாவினால் வாயிலை மூட வேண்டும். இரண்டினாலும் பயனின்றி அணையுமாயின், குறை அடுப்பில் இல்லை. கலத்தில் அளவுக்கு மீறிக் கழிவிட்டதனால் புளிப்பேறி, கரியமில வாயு மிகுந்திருக்கும். சில நாள் கழிவிடுவதை நிறுத்தினால் கலம் தேறும்.

ஆசிரியர்கள் இதனை நல்ல பாடமாக்கலாம். ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டை ‘ப’ வடிவில் வளைத்து, வண்ண நீர் ஊற்றி, ஒரு முனையை வாயுக் குழாயுடன் இணைத்தால், இரு பக்க நீர்மட்டங்களின் வேற்றுமை அழுத்தத்தைக் காட்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள மிதவை மூடியின் மீது சுமார் 8 கிலோ எடையைச் சீராக வைத்தால், அழுத்தம் ஒரு சென்டிமீட்டர் உயரும். மாணவர்கள் முதலில் கணக்கிட்டு, பின்னர் கற்களை எடையிட்டு வைத்துச் சரிபார்க்கலாம். களப் பணியாளர்கள் கலங்களைப் பார்வையிடச் செல்லும்போது கலத்துடன் நின்றுவிடாமல், சமையலறைக்கும் சென்று சுடரின் நிறத்தைக் கண்டு வருவார்களாயின், கைவிடப்படும் நிலையிலுள்ள பல கலங்கள் மீண்டும் பயன்படத் தொடங்கும்.