காருக்கும் கியர்பாக்ஸுக்கும் ஜாதகப் பொருத்தம்!

அறுபதுகளில் அமெரிக்கச் சாலைகளைக் கலக்கியவை ‘மசில் கார்’கள். பெரிய இன்ஜின், அசுர வேகம்! அவற்றில் 1969 செவர்லே கமாரோவுக்கு இன்றும் தனி மவுசு. அதைப் பழையபடி புதுப்பிக்க நினைப்பவர்களைப் படாதபாடு படுத்துவது கியர்பாக்ஸ்தான்.

பல கமாரோக்களில் இருந்தது, இந்தியானா மாநிலத்தின் மன்ஸி நகரில் தயாரான நான்கு கியர் பாக்ஸ். ‘மன்ஸி’ என்றே அதற்குப் பெயர். 1974-க்குப் பிறகு தயாரிப்பு இல்லை. ரேஸ் ஓட்டிப் பற்கள் உடைந்தால், கையில் கிடைத்த வேறு பாக்ஸை மாட்டிக்கொண்டு போனவர்கள் அன்று அதிகம்.

‘ஏதாவது ஒரு மன்ஸியைத் தேடிப்பிடித்து மாட்டிவிடலாமே?’ மாட்டலாம், வண்டி ஓடும். ஆனால், காலமும் பொருந்த வேண்டுமே! பாக்ஸின் உறையில் ‘பி9டி15ஏ’ என்று இருந்தால், ‘பி’ மன்ஸி ஆலை, 9 என்பது 1969, ‘டி’ ஏப்ரல், 15 தேதி, ‘ஏ’ என்பது எம்20 வகை. மார்ச்சில் தயாரான காரில் இது இருந்தால், பின்னால் வந்து சேர்ந்த பாக்ஸ் என்று அர்த்தம்.

1969 கமாரோவில், காரின் அடையாள எண்ணில் ஒரு பகுதியும் பாக்ஸில் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் விலை எகிறும். அதனாலேயே, பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புது எண் அடித்து விற்கும் மோசடியும் உண்டு. எண்ணைச் சுற்றி அரைத்த தடம் தெரிந்தால், உஷார்!

உள்ளே தேயும் பேரிங், சிங்க்ரோ வளையம், பல்சக்கரங்கள் புதிதாகவே கிடைக்கின்றன, தாராளமாகப் போடலாம். உறையை மட்டும் தேதி பார்த்தே வாங்க வேண்டும்!