அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளும் மாந்தர் தோற்ற ஆராய்ச்சியும்

முன்னுரை

மாந்தர் எங்குத் தோன்றினர், எவ்வாறு இன்றைய நிலையை எய்தினர் என்னும் வினா அறிவியலார்க்கு மட்டும் உரியதன்று; மொழியையும் இலக்கியத்தையும் ஆராய்வார்க்கும் உரியது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்து, மக்களை ஆறறிவுடையோர் எனக் கூறுகின்றது. உயிர்களை உற்று நோக்கிய புலவர் ஒருவரின் நுண்ணறிவுக்கு அது நல்ல சான்று. ஆயினும் அது பகுப்பு முறையே ஆகும்; ஓருயிரினின்று மற்றோருயிர் கிளைத்தது என்னும் கொள்கை அதன்கண் இல்லை. டார்வின் 1859-இல் வெளியிட்ட கொள்கையை அந்நூலுள் தேடுவதனால் நூலுக்கும் பெருமை இல்லை. அறிவியலுக்கும் பயன் இல்லை.

இதனினும் பெரிதாக ஆராயத்தக்க கருத்தொன்று நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. மாந்தன் முதன்முதல் தோன்றிய இடம் தமிழகமே, அல்லது தமிழகத்தின் தெற்கே கடலுள் மூழ்கிய நிலமே என்பது அக்கருத்து. சென்னைக்கு அண்மையில் கிடைத்த பழங்கற்கருவிகளை அதற்குச் சான்றாகக் காட்டுவாரும் உளர். அக்கருவிகள் எவற்றை மெய்ப்பிக்கின்றன, எவற்றை மெய்ப்பிக்கவில்லை என்பதை முறையாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பல்லாவரத்துக் கல்

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பார் 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியினின்று கல்லொன்றை எடுத்தார். அது இயற்கையாக உடைந்த கல் அன்று. மாந்தர் கையால் செதுக்கப்பட்டது என்பதை அவர் உணர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பாரும், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளை மிகுதியாகக் கண்டனர்.

இக்கண்டுபிடிப்பின் அருமையை அக்காலச் சூழலில் வைத்து நோக்குதல் வேண்டும். பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றுச் சரளைப் படிவுகளில் கிடைத்த கற்கருவிகள் மறைந்துபோன விலங்குகளின் காலத்தவை என்பதைப் பிரெஸ்ட்விச், ஈவான்சு ஆகிய இருவரும் நேரிற்கண்டு உறுதி செய்தது 1859-இல்தான். நான்கே ஆண்டுகளில் தென்னிந்தியாவிலும் அத்தகைய கருவி கிடைத்தது. பல நூறு ஆண்டுகளாக மக்கள் மிதித்துச் சென்ற கல்லே அது; எனினும் அதனை இன்னதென அறிவதற்கு, முன்னரே பயின்ற கண் ஒன்று தேவைப்பட்டது.

அத்திரம்பாக்கத்துக் கருவிகளுள் சிறப்பானது கைக்கோடரி. குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லில், இருமுகமும் செதுக்கி, ஒரு முனை கூராகவும் மறு முனை பருத்தும் வாதுமைக் கொட்டை போன்ற வடிவில் அமைக்கப்பட்டது அது. அகன்ற வெட்டு விளிம்புடைய வேறு கருவிகளும் உடன் கிடைக்கின்றன. பிரான்சு நாட்டுச் செயிண்டு அச்சூல் என்னும் இடத்தின் பெயரால் இவ்வகைத் தொழில் மரபை அச்சூலியன் என வழங்குவர். இங்குக் கருதத்தக்கது அதன் வடிவொழுங்கு ஆகும். கல்லை உடைத்துக் கிடைத்த கூர்மையைப் பயன்படுத்துவது ஒன்று. கல்லினுள் இன்ன வடிவம் வேண்டும் என முன்னரே எண்ணி, வேண்டாதவற்றைப் படிப்படியாகக் களைவது மற்றொன்று. கைக்கோடரி இரண்டாம் வகையைச் சார்ந்தது. எண்ணத்தின் தடயம் கல்லிலே பதிந்திருப்பதனாலேயே அஃது ஆராய்ச்சிக்கு உரிய பொருளாயிற்று.

2. காலம் கணித்த முறை

இக்கருவிகளின் காலம் யாது என்பது நெடுநாள் தெளிவாகவில்லை. 1930-களில் வி. டி. கிருஷ்ணசாமி, பேட்டர்சன் முதலியோர் ஆற்றின் படிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முன்பின் முறையை வகுக்க முயன்றனர். இம்முறையால் எது முந்தியது, எது பிந்தியது எனக் கூறலாம். எத்தனை ஆண்டு எனக் கூறல் இயலாது.

1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு நடத்தினர். ஆழத்திலுள்ள களிமண் அடுக்குகளினின்று கிடைத்த கருவிகளின் காலத்தை அவர்களும் பிரான்சு நாட்டு அறிஞர்களும் இருவகை முறைகளால் கணித்தனர்.

முதலாவது முறை வருமாறு. வானவெளியினின்று வரும் கதிர்கள் நிலத்தின் மேற்பரப்பிற் கிடக்கும் கல்லிற் படுங்கால், அதன் படிகங்களுள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்கள் தோன்றுகின்றன. அவை ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்னும் அளவில் தோன்றும். கல் மண்ணுள் ஆழப் புதையுண்டபின் கதிர்கள் அதனை அடையா. ஆதலின் புதிய அணுக்கள் தோன்றுதல் பெரிதும் ஒழிய, முன்னர்த் தோன்றியவை சிதைந்து குறையும். அலுமினியம்-26 ஏறத்தாழ 7 இலட்சம் ஆண்டுகளில் பாதியாகின்றது. பெரிலியம்-10 பாதியாவதற்கு ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஒன்று விரைந்தும் மற்றொன்று மெல்லவும் குறைவதால், இரண்டிற்கும் இடையிலுள்ள விகிதம் நாளடைவில் மாறுபடும். அம்மாறுபாட்டை அளந்து, கல் புதையுண்டு எத்தனை ஆண்டுகள் ஆயின எனக் கணக்கிடலாம்.

இரண்டாவது முறை நிலவுலகின் காந்தப் புலத்தைச் சார்ந்தது. அப்புலம் இன்றுள்ள திசைக்கு மாறாகப் பல காலங்களில் திரும்பியிருந்தது. அது கடைசியாகத் திரும்பி இன்றைய நிலையை அடைந்தது ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஆகும். களிமண் படியும்போது அதிலுள்ள நுண்ணிய இரும்புத் துகள்கள் அக்காலத்துக் காந்தத் திசையைக் காட்டி உறைகின்றன. அத்திரம்பாக்கத்து அடி அடுக்குகள் எதிர்த்திசையைக் காட்டின. ஆகவே அவை அத்திருப்பத்திற்கு முற்பட்டவை என்பது பெறப்பட்டது.

ஒன்றையொன்று சாராத இவ்விரு முறைகளும் தம்முள் முரணவில்லை. கருவிகள் எவ்வாற்றானும் 10,70,000 ஆண்டுகட்குக் குறையாதவை என்றும், சராசரியாக 15,10,000 ஆண்டுகள் பழமையானவை என்றும் 2011-இல் வெளியிட்டனர். பின்னைய கணக்கில் 70,000 ஆண்டு கூடவோ குறையவோ இருக்கலாம். இந்தியக் கைக்கோடரிகள் ஐந்தாறு இலட்சம் ஆண்டுகட்கு மேற்படா எனக் கருதி வந்தோர் பலர். அக்கருத்து இதனால் மாறிற்று.

3. கருவியைச் செய்தவர் யாவர்?

இவ்வளவு பழமையைக் கண்டவுடன் தமிழரின் தொன்மை 15 இலட்சம் ஆண்டு என எழுதத் தோன்றும். அங்ஙனம் எழுதுவது பொருந்துமா என்பதே வினா.

அகழாய்வில் விலங்குகளின் பற்கள் கிடைத்துள்ளன. கருவி செய்தோரின் எலும்பு ஒன்றேனும் கிடைக்கவில்லை. ஆகவே அவர்தம் இனத்தைப் பிற நாட்டுச் சான்றுகளைக் கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது. ஆப்பிரிக்காவில் இக்காலத்துக் கைக்கோடரிகளோடு தொடர்புபடுத்தப் பெறுவோர் ஹோமோ எரெக்டஸ் எனப்படும் நிமிர்ந்த மாந்தரும் அவர்க்கு நெருங்கியோரும் ஆவர். அவ்வினத்தின் எச்சங்களை முதன்முதல் 1891-இல் சாவகத் தீவின் திரினில் என்னும் இடத்தில் இயூஜின் டியூபா கண்டெடுத்தார். இந்தியாவில் நருமதை ஆற்றங்கரையிலுள்ள ஹத்னோராவில் 1982-இல் அருண் சொனாக்கியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதி குறிப்பிடத்தக்கது. அஃது எவ்வினத்தைச் சார்ந்தது என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடு உண்டு.

நாம் சார்ந்துள்ள ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தின் மிகப் பழைய எச்சங்களாகக் கருதப்படுபவை மொராக்கோ நாட்டு ஜெபல் இர்கூடில் கிடைத்தவை. அவற்றின் காலம் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டு என 2017-இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகளைச் செய்தோர்க்கும் நம்மினத்தின் முதற் சான்றுக்கும் இடையே ஏறத்தாழ 12 இலட்சம் ஆண்டுகள் உள்ளன. அவர்கள் நம்மினத்தவர் அல்லர். இன்றைய மக்கள் இனம் எதற்கும், இன்றைய மொழி எதற்கும் அவர்களை உரியவராக்குதல் இயலாது. திராவிட மொழிக் குடும்பம் கிளைக்கத் தொடங்கியது ஏறத்தாழ 4,500 ஆண்டுகட்கு முன்னர் என 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணித்தது. கருவியின் காலம் அதனினும் முந்நூறு மடங்கிற்கு மேற்பட்டது. ஒரு நிலத்தின் தொன்மை வேறு. அந்நிலத்தில் இன்று வழங்கும் மொழியின் தொன்மை வேறு.

தோற்ற இடமும் இக்கருவிகளால் தமிழகத்திற்கு மாறாது. கென்யா நாட்டுக் கோக்கிசெலேயில் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 17,60,000 ஆண்டுகள் பழமையானவை. அந்நாட்டு லோமெக்வியில் 33 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய எளிய கற்கருவிகள் கிடைத்துள்ளன. கருவி செய்தோர் ஆப்பிரிக்காவினின்று பரவி மிகத் தொன்மைக் காலத்திலேயே தென்னிந்தியாவை அடைந்தனர் என்பதையே அத்திரம்பாக்கம் உணர்த்துகின்றது.

4. பிற்காலக் கருவிகள் எழுப்பும் சிக்கல்

அத்திரம்பாக்கத்தின் மேலடுக்குகள் வேறொரு வினாவை எழுப்புகின்றன. அங்கே பெரிய கைக்கோடரிகள் அருகி, முன்னரே ஒழுங்குபடுத்திய கருக்கல்லினின்று வேண்டிய வடிவில் செதில்களைப் பெயர்க்கும் முறை மிகுகின்றது. இதனை இடைப் பழங்கற்காலம் என்பர். இம்மாற்றம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே தொடங்கி 1,72,000 ஆண்டுகட்கு முன்வரை நிலவிற்று என 2018-இல் வெளியிடப்பட்டது.

நம்மினத்தார் ஆப்பிரிக்காவினின்று வெளிப்போந்து இத்தொழில் முறையை இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர் என்பது முன்னர்ப் பலர் கொண்ட கருத்து. ஆனால் இக்காலம் அவர்கள் வந்ததாகக் கருதப்படும் காலத்தினும் மிக முற்பட்டது. இங்கிருந்த பழைய இனத்தாரே தாமாக இம்முறையைக் கண்டனரா, நாம் அறியாத முற்பட்ட பரவல் ஒன்று நிகழ்ந்ததா என்பது எலும்புச் சான்று கிடைத்தாலன்றி முடிவு பெறாது. தமிழகத்துச் சான்று உலக ஆராய்ச்சியில் பெற்றுள்ள உண்மையான இடம் இதுவே. ஏற்கெனவே நாம் விரும்பிய விடையை அஃது உறுதி செய்யவில்லை. அனைவரும் விடையெனக் கருதியதை வினாவாக மாற்றியுள்ளது.

5. இலெமூரியாவும் கடல்கோளும்

இலெமூரியா என்னும் பெயர் தமிழ் மரபில் தோன்றியதன்று. இலெமூர் வகை விலங்குகளின் பரவலை விளக்குதற்பொருட்டு, மடகாசுகரையும் இந்தியாவையும் இணைத்த நிலப்பரப்பு ஒன்று இருந்திருத்தல் கூடும் எனக் கருதி, பிலிப் ஸ்கிலேட்டர் என்னும் விலங்கியலார் 1864-இல் அப்பெயரை இட்டார். எர்ன்ஸ்ட் ஹேக்கல் என்னும் செருமானிய அறிஞர் மாந்தர் தோன்றிய இடமாகவும் அதனைக் கொண்டார். பழைய எச்சங்கள் மிகச் சிலவே கிடைத்திருந்த காலத்தில் எழுந்த ஊகம் அது.

பின்னர், கண்டங்கள் இடம்பெயர்கின்றன என 1912-இல் வெகெனர் கூறினார். 1960-களில் கடலடி ஆய்வுகள் அதனை உறுதி செய்தன. இந்தியாவும் மடகாசுகரும் ஒன்றாக இருந்து ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகட்கு முன்னர்ப் பிரிந்தன. இடையில் மூழ்கிய பெருங்கண்டம் வேண்டுவதின்று. அப்பிரிவு நிகழ்ந்த காலத்தில் மாந்தரும் இல்லை; வாலில்லாக் குரங்கும் இல்லை.

இறையனார் களவியலுரை கூறும் மூன்று சங்கங்களின் கால எல்லை முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள்; ஆக 9990 ஆண்டுகள். இவ்வெண்களை அப்படியே கொள்வார்க்கும் அவை பதினாயிரம் ஆண்டைக் கடவா. அவ்வுரை புலவரையும் அரசரையும் பற்றிக் கூறுவது. உயிரினத் தோற்றம் பற்றியதன்று. அதனைக் கோடி ஆண்டுக் கணக்குடைய நிலவியல் ஊகத்தோடு பிணைத்தது பிற்காலத்தார் செயல். ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன்னர்க் கடல்மட்டம் இன்றினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இலங்கை தமிழகத்தோடு நிலத்தால் இணைந்திருந்தது. பின்னர்ப் பனி உருகிக் கடல் உயர, கரையோர நிலங்கள் மூழ்கின. இஃது உண்மை. இதற்கு மேற்சென்று கண்டம் ஒன்று மூழ்கிற்று என்பதற்குச் சான்றில்லை.

பெருமை வேட்கை ஆராய்ச்சியை மயக்குதல் நம்மிடத்து மட்டும் உள்ள குறை அன்று. இங்கிலாந்தின் பில்ட்டவுனில் தொன்மாந்தன் மண்டையோடு கிடைத்ததென 1912-இல் அறிவித்தனர். அந்நாட்டு அறிஞர் பலர் அதனை மகிழ்ந்து ஏற்றனர். தென்னாப்பிரிக்காவின் தாங் என்னும் இடத்தில் 1924-இல் கிடைத்த குழந்தை மண்டையோட்டை ரேமண்ட் டார்ட் மாந்தரின் முன்னோர்க்கு அண்மையது என 1925-இல் எழுதியபோது, அவருள் பெரும்பாலோர் அதனைப் புறக்கணித்தனர். 1953-இல் பில்ட்டவுன் எலும்பு, மாந்தர் மண்டையோட்டையும் குரங்கின் தாடையையும் சேர்த்துச் சாயமிட்ட பொய்ப்பொருள் என்பது வெளிப்பட்டது. தாங் குழந்தையோ ஆராய்ச்சியின் அடிப்படைச் சான்றுகளுள் ஒன்றாக நிலைபெற்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை. அவற்றைச் செய்தோர் நம்மினத்திற்கு முற்பட்ட வேறோர் இனத்தார். ஆதலின் தமிழ்மொழியின் தொன்மைக்கு அவை சான்றாகா. மாந்தர் தோற்றம் ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது என்னும் முடிபை அவை மறுக்கவில்லை. பரவலின் காலத்தையும் முறையையும் மீண்டும் ஆராயச் செய்கின்றன.

தமிழ்மொழியின் பெருமை சங்க இலக்கியத்தாலும் தொல்காப்பியத்தாலும் நிலைபெற்றது. அதற்குக் கற்காலச் சான்று வேண்டுவதில்லை. கொற்றலையாற்றுப் படுகையில் நமக்கு எஞ்சியுள்ள பணி வேறு. கல்லைச் செதுக்கியோரின் எலும்பு இன்னும் கிடைக்கவில்லை. அஃது எங்கேனும் ஒரு மண்ணடுக்கில் இருத்தல் கூடும். சரளைக்காகவும் மண்ணுக்காகவும் தோண்டுவோர் கைப்படுமுன் அவ்வடுக்குகளைக் காத்தல் வேண்டும். ஃபூட் கல்லெடுத்த பல்லாவரம் இன்று கட்டடங்கள் நெருங்கிய நகர்ப்பகுதியாகிவிட்டது. அத்திரம்பாக்கமும் அதன் சுற்றுப்புறமும் அந்நிலையை எய்தாவாறு காத்தலே, நம் நிலத்தின் தொன்மையை மதிப்போர் முதற்கண் செய்யத்தக்கதாகும்.