மழையில் கார் வழுக்குகிறதா? புது டயர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

சென்னை,–

வெயில் காலம் முழுக்க நல்ல பிள்ளையாக ஓடிய கார், ஐப்பசி மழை பிடித்ததும் முரண்டு பண்ணுகிறது. பிரேக்கை மிதித்தால் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நிற்கும் மாநகர பஸ்சின் முதுகில் முட்டி நிற்கிறது!

"பிரேக் பிடிக்கல" என்கிறார் காரை ஓட்டியவர். மெக்கானிக் பிரேக்கைச் சோதிக்கிறார். பிரேக் கச்சிதமாக இருக்கிறது. பிறகு குனிந்து டயரைத் தடவிப் பார்க்கிறார். தலையில் அடித்துக்கொள்கிறார்.

மழைக்காலத்தில் சென்னை ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி காணும் காட்சி இது. பிரேக் நிறுத்துவது சக்கரத்தைத்தான். காரை நிறுத்துவது டயர். ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய உள்ளங்கை அகலத்துக்குத்தான் ரோட்டைத் தொடுகிறது. நாலு உள்ளங்கை ரப்பரை நம்பித்தான் ஒரு குடும்பம் காரில் உட்கார்ந்திருக்கிறது.

வேகக் கார்கள்

மாதத் தவணையில் ஸ்கோடா ஸ்லாவியா, வோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஹூண்டாய் வெர்னா என்று டர்போ என்ஜின் வைத்த செடான் கார்களை வாங்கும் ஆசை இப்போது பலருக்கு வந்துவிட்டது. செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கிறது. 150, 160 குதிரைச் சக்தி. ஆக்சிலேட்டரைத் தொட்டால் பாய்கிறது.

கம்பெனி போட்டுக் கொடுத்த டயர், ஓட்டுகிற விதத்தைப் பொறுத்து 30 ஆயிரம் கிலோ மீட்டரிலோ 50 ஆயிரத்திலோ தேய்ந்துபோகும். அப்போதுதான் தலைவலி ஆரம்பம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் கடை கடையாக டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

கடைக்காரர் முதலில் கேட்கிற கேள்வி இது: "சார், மைலேஜ் வேணுமா, கிரிப் வேணுமா?"

நியாயமான கேள்விதான். ரப்பர் மெதுவாக இருந்தால் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியாக இருந்தால் நெடுநாள் உழைக்கும். ஈர ரோட்டில் காலை வாரும். சிலிக்கா கலந்த ரப்பர் வந்த பிறகு இந்த இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரே டயரில் எல்லாம் கிடைக்காது. ஒன்று கூடினால் ஒன்று குறையும்.

பெரும்பாலோர் சொல்கிற பதில், "மைலேஜ் வர்ற மாதிரி குடுங்க!" அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மீதி மாதங்களில் பெரும்பாலும் காய்ந்த ரோடுதான். காய்ந்த ரோட்டில் சுமாரான டயர்கூட நிற்கும். மழை நாளில்தான் சாயம் வெளுக்கும். ஆகவே ஆண்டு முழுக்க ஓட்டுகிற காருக்கு டயர் வாங்குகிறவர் அந்த மூன்று மாதத்தை நினைத்துத்தான் வாங்க வேண்டும்.

அதிலும் முதல் மழை பொல்லாதது. மாதக்கணக்கில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரில் குழைந்து, விளக்கெண்ணெய் தடவிய மாதிரி ஆகிவிடும்.

தண்ணீரில் மிதக்கும் கார்

டயரில் இருக்கும் பட்டனும் கோடுகளும் அழகுக்காக இல்லை. ரோட்டில் நிற்கும் தண்ணீரை வாரி வெளியே தள்ளத்தான் அந்தக் கோடுகள். கோடு ஆழமாக இருந்தால் தண்ணீர் ஓடிவிடும். ஆழம் குறைந்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. டயருக்கு அடியில் புகுந்து, டயரையே தூக்கிவிடும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் பஞ்சு போல லேசாகிவிடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் கேட்காது. தரையில் ஓடுகிற கார் அல்ல அது. தண்ணீரில் போகிற படகு!

அமெரிக்க நாசா நிறுவனத்தார் 1960-களில் விமானச் சக்கரங்களை வைத்து இதை ஆராய்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்குப்படி 32 பவுண்டு காற்று அடித்த மொட்டை டயர், தேங்கிய தண்ணீரில் சுமார் 94 கிலோ மீட்டர் வேகத்தில் மிதக்க ஆரம்பிக்கும். காற்று 24 பவுண்டாக இறங்கியிருந்தால்? சுமார் 82 கிலோ மீட்டரிலேயே மிதக்கும். மழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரட்டுகிறவர்கள் சர்வசாதாரணமாகத் தொடுகிற வேகம் அது. மாதம் இரண்டு தடவை காற்றுப் பார்க்க நேரமில்லை என்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புது கார் டயரில் கோட்டின் ஆழம் 8 மில்லி மீட்டர் போல இருக்கும். 1.6 மில்லி மீட்டருக்குக் கீழே போனால் ஓட்டக்கூடாது என்பது சட்டம். பெரிய கோடுகளுக்கு நடுவே சின்ன மேடு ஒன்று இருக்கும். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம். ஆனால் மழை ரோட்டுக்கு 1.6 வரை காத்திருப்பது தப்பு. 3 மில்லி மீட்டருக்குக் கீழே போனதுமே, ஈரத்தில் கார் நிற்கிற தூரம் கிடுகிடுவென்று கூடிவிடுகிறது. வேகக் கார் வைத்திருப்பவர்கள் 3 மில்லி மீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. அதுவும் செப்டம்பர் மாதத்திலேயே. மழை வந்த பிறகு கடைக்கு ஓடினால், இருக்கிற டயரைத்தான் மாட்டுவார்கள்.

தேய்ந்த டயரில் சூடான கத்தியால் மறுபடி கோடு கீறி, "புதுசு மாதிரி இருக்கு பாருங்க" என்று தள்ளிவிடுகிற பேர்வழிகளும் இருக்கிறார்கள். கார் டயரில் அப்படிக் கீறினால் உள்ளே இருக்கும் கம்பி வரைக்கும் போய்விடும். அது டயர் அல்ல, வெடிகுண்டு!

பனிக்கால டயர் வேண்டாம்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் ஆண்டுக்கு இரண்டு தடவை டயர் மாற்றுகிறவர்கள் உண்டு. வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிவிடும். அதனால் பனிக்கு ஒரு செட், கோடைக்கு ஒரு செட். இரண்டுக்கும் நடுவில் 'ஆல் சீசன்' என்று ஒரு ரகம்.

நமக்கு அந்தக் கவலை இல்லை. 2003 மே 31-ந் தேதி சென்னையில் 45 டிகிரி வெயில் அடித்தது! பனிக்கால ரப்பரை அந்தத் தாரில் ஓட்டினால் பென்சில் அழிக்கிற ரப்பர் மாதிரி தேய்ந்து போகும். மலையும் அதற்குள் பனித்துளியும் படம் போட்ட டயர் மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். சென்னைக்குக் கோடைக்கால ரக டயர், அதிலும் ஈரத்தில் நன்றாகப் பிடிப்பது என்றால் ஆண்டு முழுக்கப் போதும்.

பக்கவாட்டில் இருக்கிறது ஜாதகம்

ஒரு டயரின் முழு ஜாதகமும் அதன் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

மேலே சொன்ன கார்களின் டர்போ ரகங்களில் 205/55 ஆர்16 என்ற அளவு வருகிறது. 205 என்பது மில்லி மீட்டரில் அகலம். 55 என்பது அந்த அகலத்தில் 55 சதவீதம் உயரம். அதாவது ரிம்முக்கு மேலே 113 மில்லி மீட்டர் ரப்பர். 16 என்பது ரிம் அளவு, அங்குலத்தில். அதை அடுத்து 91வி என்று இருந்தால், ஒரு டயர் 615 கிலோ எடை தாங்கும், 240 கிலோ மீட்டர் வேகம் தாங்கும் என்று பொருள். 'எச்' என்றால் 210. 'டி' என்றால் 190.

"240-ல யாரு சார் போறா, டி போதும்" என்று சில கடைகளில் சொல்வார்கள். கேட்க வேண்டாம். வேகம் மட்டும் விஷயமல்ல. சூட்டைத் தாங்கும் பலமும் அந்த எழுத்தில் அடங்கியிருக்கிறது. கார் கம்பெனி போட்ட எழுத்துக்கும் எண்ணுக்கும் கீழே இறங்கக்கூடாது.

அகல டயர் ஆசை இன்னொரு வியாதி. "பார்க்க கெத்தா இருக்கும்" என்று 17 அங்குல ரிம் போட்டு 225/45 மாட்டுகிறார்கள். சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்பீடாமீட்டர் அதிகம் பொய் சொல்லாது. காய்ந்த ரோட்டில் வளைவு சுகமாக இருக்கும். ஆனால் பக்கவாட்டு ரப்பர் 113-லிருந்து 101 மில்லி மீட்டராகக் குறைந்துவிடுகிறது. தண்ணீர் மூடிய பள்ளத்தில் ஒரு இடி விழுந்தால் ரிம் வளையும். டயர் பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி வீங்கும். அதோடு, அகலமான டயர் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். சைக்கிள் டயர் தண்ணீரைக் கிழித்துப் போவதையும், பலகை மிதப்பதையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து பிறந்த தேதி. டி.ஓ.டி. என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2325 என்று இருந்தால் 2025-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரானது. டயர் ஓடாமல் குடோனில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு 2020 ஜூனில் மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. சில உயர்ந்த ரகங்கள் சுலபமாகக் கிடைப்பதில்லை. "ஒரே ஒரு செட்தான் இருக்கு" என்று கடைக்காரர் எடுத்து வந்தால், சந்தோஷப்படும் முன் அந்த நாலு எண்ணைப் பார்ப்பது புத்திசாலித்தனம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும்.

எரிபொருள் மிச்சத்துக்காக நட்சத்திர முத்திரை போட்ட டயர்களும் வருகின்றன. பிரிட்ஜ், ஏ.சி. மாதிரிதான். ஆனால் அந்த நட்சத்திரத்தை வைத்து மழைப் பிடிப்பை எடை போட வேண்டாம். பெட்ரோல் வேறு, பிடிப்பு வேறு.

ஊரில் டயருக்குப் பஞ்சமில்லை. திருவொற்றியூரில் 1946-ல் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எப். இன்று நாடறிந்த டயர் கம்பெனி. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் வேறு கம்பெனிகளின் பெரிய ஆலைகள் இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. கடைக்காரர் விலை சொல்லும்போது, வரி எந்தக் கணக்கில் போட்டிருக்கிறார் என்று பில்லில் பார்த்துக்கொள்ளலாம்.

புதுசு முன்னாடியா, பின்னாடியா?

நாலு டயரையும் ஒன்றாக மாற்றுவதுதான் உத்தமம். கையில் பணம் இல்லாதவர்கள் இரண்டு மாற்றுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அந்த இரண்டை எங்கே மாட்டுவது?

"முன் வீல்தானே சார் இழுக்குது, முன்னாடியே போட்டுடலாம்." இதுதான் பல இடங்களில் நடக்கிறது. பார்த்தால் சரி போலத் தோன்றும். ஆனால் தப்பு! புது டயர் இரண்டும் பின்னால்தான் போக வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஈரத்தில் முன் சக்கரம் வழுக்கினால் கார் நேராகப் போகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து, மறுபடி பிடிப்பு வரும். சாதாரண டிரைவரும் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் கதையே வேறு. காரின் பின்பகுதி முன்னால் வரப் பார்க்கும். கார் பம்பரமாகச் சுற்றும். "அய்யோ" என்பதற்குள் எதிர் வரிசையில் நிற்கும். நல்ல அனுபவசாலிகளே திணறிப் போவார்கள். முன்னால் புது டயர், பின்னால் மொட்டை டயர் என்றால் இன்னும் ஆபத்து. முன்பக்கம் கெட்டியாகப் பிடிப்பதால் டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. தைரியமாக வளைவில் திருப்புவார்.

இந்தக் கார்களில் வழுக்கலைத் தடுக்க எலெக்ட்ரானிக் கருவி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஒவ்வொரு சக்கரமாகப் பிரேக் போட்டு காரை நேராக்கப் பார்க்கும். அந்தப் பிரேக்கும் அதே ரப்பர் வழியாகத்தான் ரோட்டைப் பிடிக்க வேண்டும். இல்லாத பிடிப்பை எந்தக் கருவியும் உண்டாக்காது.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சில டயர்களில் அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில்தான் சுழல வேண்டும். சிலவற்றில் 'அவுட்சைடு' என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். அவசரத்தில் பையன் மாற்றி மாட்டிவிட்டால், தண்ணீர் தள்ளுகிற வேலை அரைகுறையாகிவிடும். பழைய டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்காமல் புது டயரில் ஒரு கிலோ மீட்டர்கூட ஓட வேண்டாம். நைட்ரஜன் காற்று அடிக்கலாமா என்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காசு மிச்சம்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் ஒருமுறை பாருங்கள். பல கார்களில் அது சின்ன அளவு. 80 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். கார் வாங்கிய நாளிலிருந்து அதில் யாரும் காற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.