மழையில் நடுங்கும் வயதான குதிரை: தார்ப்பாய் போட்டு மூடினால் போதுமா?

அடிவாரத்தில் வியர்க்க விறுவிறுக்க வண்டியை எடுத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டில் இறங்கினால் முதல் வேலையாக ஸ்வெட்டரைத் தேடுவோம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். சேலம் நகரம் 300 மீட்டர் உயரத்துக்கும் கீழே இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். கணக்குப் போட்டால் 7 டிகிரி வித்தியாசம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் சேர்வராயன் மலையில் பெய்கிறது.

இப்படி ஒரு மலையில் 20 வயதைத் தாண்டிய குதிரை ஒன்று மழையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிற யாருக்கும் தோன்றும் முதல் யோசனை, ‘பாவம், ஒரு தார்ப்பாயை எடுத்துப் போடுங்கப்பா’ என்பதுதான். நல்ல மனசுதான். ஆனால், அதுதான் பல நேரம் குதிரைக்குக் கெடுதல்.

குளிர் பிரச்சினையா, ஈரமா?

உடம்பு காய்ந்திருந்தால் குதிரை குளிருக்குப் பயப்படாது. குளிருக்குப் பழகிய ஆரோக்கியமான குதிரை 5 டிகிரி வரைகூட பெரிய சிரமமில்லாமல் தாக்குப்பிடிக்கும். காரணம், அதன் முடி. குளிரும்போது முடி சிலிர்த்து நிற்கும். முடிகளுக்கு நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். நாம் கம்பளிக்குள் கதகதப்பாக இருப்பதும் இதே கணக்கில்தான்.

மழை தோல் வரைக்கும் இறங்கிவிட்டால் முடி படிந்துபோகும், காற்று அடுக்கு காலி. அப்போது 12, 13 டிகிரியில்கூட குதிரை நடுங்கும். கூடவே காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம். இளம் குதிரை என்றால் சமாளித்துவிடும். வயதான குதிரைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு குறைவு, தசையும் கரைந்திருக்கும். மூட்டுவலியால் நாலு எட்டு நடந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்ளவும் முடியாது.

சரி, தார்ப்பாய் போட்டா என்ன?

பிளாஸ்டிக் தார்ப்பாய் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. நனைந்த குதிரை மேல் அதைப் போட்டால் ஈரமும் வியர்வையும் தோலோடு தங்கும். அதில் ‘டெர்மடோபிலஸ்’ என்கிற பாக்டீரியா குஷியாக வளரும். முதுகில் பொருக்கு தட்டி, முடி கொத்துக்கொத்தாக உரிந்து வரும். நனைந்த சாக்கு இன்னும் மோசம். கனத்தோடு சேர்த்து இருக்கிற சூட்டையும் உறிஞ்சிவிடும். நீர் உள்ளே புகாமல், ஆனால் ஆவியை வெளியே விடுகிற குதிரை மழைப்போர்வைகள் கிடைக்கின்றன. அதைக்கூட காய்ந்த உடம்பில்தான் போட வேண்டும். தினமும் ஒருமுறை கழற்றி, தோள் உரசியிருக்கிறதா என்று பார்க்கணும்.

ஏற்கெனவே நனைந்துவிட்டதா? கூரைக்குக் கீழே கொண்டுவந்து, பழைய துண்டாலும் காய்ந்த வைக்கோல் பிடியாலும் அழுத்தித் துடைக்கலாம். முதுகில் காய்ந்த வைக்கோலைத் தடிமனாகப் பரப்பி, மேலே காய்ந்த சாக்கைத் தளர்வாகக் கட்டினால் நடுவில் காற்று ஓடி உடம்பு காயும். செலவில்லாத பழைய வைத்தியம். சாக்கு ஈரமானால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஹீட்டர் வயிற்றுக்குள்ளே

குதிரையின் பெருங்குடலில் நார்ச்சத்து நொதிக்கும்போது சூடு உண்டாகிறது. குளிர் இரவில் அதற்குத் தேவை கைப்பிடி தானியத்தைவிட, ராத்திரி முழுக்கக் கொறிக்கக் காய்ந்த புல். நாளொன்றுக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் உலர் தீவனம் வேண்டும். 300 கிலோ மட்டக்குதிரை என்றால் நாலரை முதல் ஆறு கிலோ.

வயதான குதிரைக்குச் சிக்கல் பல்லில்தான். கடைவாய்ப் பல் தேய்ந்திருந்தால் புல்லை மென்று உருண்டையாகத் துப்பிவிடும். தொட்டிக்குக் கீழே அந்த உருண்டைகள் கிடந்தால், குதிரை சாப்பிடுவது போலத் தெரிந்தாலும் வயிற்றுக்குப் போகவில்லை என்று அர்த்தம். இதற்கு வெறும் வைக்கோலைப் போட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். பொடியாக நறுக்கி ஊறவைத்த நல்ல புல், கூழ் மாதிரிக் குழைத்த தீவனம் கொடுக்கலாம். மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் ஒரு வாரத்தில் மெதுவாகச் செய்யணும். மழையில் பூசணம் பிடித்த புல்லைக் கண்டிப்பாகப் போடக் கூடாது. தண்ணீர் சில்லென்று இருந்தால் குறைவாகக் குடிக்கும், அதுவும் குடல் அடைப்பில் முடியும். வெதுவெதுப்பாக வையுங்கள்.

நீண்ட முடிக்குள் மெலிவு தெரியாது. வாரம் ஒருமுறை விலா எலும்பைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணை நம்ப வேண்டாம்.

கொட்டகையை நாலு பக்கமும் அடைப்பதும் தவறு. மூத்திரத்தின் நெடி நுரையீரலைக் கெடுக்கும். காற்று வரும் பக்கம் சுவர், எதிரே திறப்பு, மேடான தரை, காய்ந்த படுக்கை இருந்தால் போதும். சேற்றிலேயே நின்றால் குளம்பின் அடிப்பக்கம் கறுத்து நாறும்.

மலை இறங்கினால் என்ன?

ஊட்டி, கொடைக்கானல் சவாரிக் குதிரைகளின் கதை நமக்குத் தெரியும். ஊட்டியில் கேட்பாரற்ற குதிரைகள் ரோட்டில் குப்பையை மேய்வதைப் பார்க்காத டூரிஸ்ட் குறைவு. நீலகிரியில் ‘ஐபேன்’ விலங்குநல அமைப்பு, கைவிடப்பட்ட குதிரைகளுக்கும் அடைக்கலம் தரும் பண்ணையை நடத்துவது ஊட்டியில் அல்ல, மலைக்குக் கீழே மசினகுடி பக்கம். ஊட்டியைவிட அங்கே குளிரும் மழையும் குறைவு.

ஏற்காட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். வேலைக்கு ஆகாத வயதான குதிரையை மழை மாதங்களில் அடிவாரத்துக்கு மாற்றினால் அந்த 7 டிகிரி இலவசமாகக் கிடைக்கும். ஆனால், மழை நாளில் மலைப்பாதையில் நடத்திக் கூட்டிவர வேண்டாம். ஈரத் தாரில் லாடம் வழுக்கும். வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து வண்டியில் ஏற்றுவது நல்லது.

எப்போது டாக்டர்?

துடைத்து, புல் போட்ட பிறகும் நடுக்கம் நிற்கவில்லை, காதின் அடிப்பகுதி சில்லிட்டிருக்கிறது, தீவனத்தைத் தொடவில்லை, சாணி போடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். கோடையிலும் முடி உதிராமல் நீளமாகவே இருந்தால் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம், அதையும் காட்டணும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. போதிய தீவனமும் தண்ணீரும் தங்குமிடமும் தராமல் விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். உரிமையாளர் யாரென்று தெரியாத குதிரை மழையில் நடுங்கி நின்றாலும் அதே எண்ணுக்குச் சொல்லலாம்.