ஸ்நார்கல் இருந்தா பழவேற்காட்டில் வண்டியை இறக்கலாமா?

ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்கண்ணாடி ஓரமா மேலே ஏறும் கறுப்புக் குழாயைப் பார்த்திருப்பீங்க. கம்பெனியிலேயே மாட்டி வரும் ஸ்நார்கல் அது. இன்ஜினுக்கான காற்றை உயரத்திலிருந்து இழுக்கும். காற்றுக்குப் பதில் தண்ணீர் உள்ளே போனால் அது அமுங்காது. கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். இன்ஜினையே பிரிக்கணும்.

அப்போ பழவேற்காடு முகத்துவாரம் பக்கம் தைரியமா இறக்கலாமா? வேண்டாம். கூர்க்காவுக்கே கம்பெனி சொல்லும் ஆழம் 700 மி.மீ.தான், அதாவது இடுப்பளவுகூட இல்லை. வெளியே வாங்கி மாட்டும் குழாயில், ஏர் ஃபில்டர் பெட்டி வரை ஏதாவது ஒரு இணைப்பு கசிந்தாலும் மொத்தமும் வீண்.

இன்னொண்ணு, இது உப்பங்கழி. வயரிங், பிரேக், பேரிங்கை உப்பு அரிக்கும்; அதுக்கு ஸ்நார்கல் ஒண்ணும் செய்யாது. சேற்றில் டயர் புதைஞ்சா, வேலையை விட்டுட்டு வந்து இழுக்க வேண்டியது மீனவர்கள்தான்.

ஏற்கெனவே இறக்கிட்டீங்களா? அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவிடுங்க.