வேலிக்குக் கள்ளி நடலாம்... எந்தக் கள்ளி?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி மனை வாங்கியவர்களுக்கு முதல் செலவு வேலி. கல்தூணும் முள்கம்பியும் விற்கிற விலையில் சதுரக்கள்ளியை யோசிக்கலாம். கத்திரி வெயிலுக்கு அசையாது, ஆடு மாடு வாய் வைக்காது, தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டாம். பகலில் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கிற செடி. ஈரத்தை அது அவ்வளவு எளிதில் விடாது.

மழை ஓய்ந்த தை, மாசியில் ஒரு முழக் கிளையை வெட்டுங்கள். வெட்டுவாயில் வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாக வடிந்து பிசினாக உறையும். ஒரு வாரமாவது நிழலில் கிடத்தி, அந்த இடம் தோல்போல் காய்ந்த பிறகு, மேடாக்கி மணல் கலந்த மண்ணில் ஊன்றுங்கள். பச்சையாக நட்டால் அழுகும். கார்த்திகையில் தண்ணீர் தேங்குகிற பள்ளமும் ஆகாது. கையுறை கட்டாயம். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு இது வேண்டாம் என்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

என் கவலை சப்பாத்திக்கள்ளி. கிடைப்பது சுலபம் என்று அதை நட்டுவிடுகிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கள்ளியில் வளரும் கொச்சினீல் பூச்சி தரும் சிவப்புச் சாயத்துக்காக, கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1780களின் இறுதியில் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்துசேர்ந்த பூச்சியோ மட்டரகம். அது ஒரு ரகக் கள்ளியைத் தின்று தீர்த்தது. இன்னொரு ரகம் மதராஸ் மாகாணத்து மேய்ச்சல் நிலங்களை வளைத்துக்கொண்டது. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது.

நாகதாளி என்கிற இந்தச் சப்பாத்திக்கள்ளியின் பழத்துக்கு இப்போது சந்தை இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். அந்தப் பழத்தைத் தின்னும் பறவைகள்தான் விதையைப் பரப்புகின்றன. அறுந்து விழுந்த ஒரு மடலே வேர்விடப் போதும். இங்கே ஏரிக்கரைகளும் காலி மனைகளும் ஏராளம்; கழித்த மடலை அங்கே வீசுவதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பழுக்கும் முன்பே காய்களைப் பறித்துவிடுங்கள். வெட்டிய மடல்களைச் சிமென்ட் தரையில் சருகாகக் காயவைத்து, ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள்.